தசை பலவீனமும் பொதுக் கட்டடங்களும்: தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கான கேள்வி பதில்

டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் வாழும், தசைகள் பலமிழந்துவரும் தமிழர்களுக்கும் அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கும் இந்தப் பக்கம். மஸ்குலர் டிஸ்ட்ரோஃபி (தசைகள் படிப்படியாகச் சிதையும் பரம்பரை நோய்), மயஸ்தீனியா கிரேவிஸ் (நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச்சேராத நோய்), தசை அழற்சி, போலியோ வந்து பல வருடம் கழித்து வரும் தளர்ச்சி என்று காரணம் எதுவானாலும் வங்கியிலும் கிளினிக்கிலும் கோயிலிலும் கல்யாண ஹாலிலும் படும் பாடு ஏறக்குறைய ஒன்றுதான். சிகிச்சையை மருத்துவரிடம் கேளுங்கள். இங்கே படி, கதவு, நாற்காலி, கழிவறை பற்றிப் பேசுகிறோம், அதுவும் அளவோடு. ‘கஷ்டமாக இருக்கிறது’ என்றால் பரிதாபப்படுவார்கள். ‘இந்த இருக்கை 60 மி.மீ. உயர வேண்டும்’ என்றால் அதைச் செய்துதர ஆள் தேடுவார்கள்.

“நல்லாத்தானே நடக்கிறீங்க” என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

சமதளத்தில் நடப்பது ஒரு வேலை, உட்கார்ந்து எழுவது வேறு வேலை. இடுப்பும் தொடையும் பலவீனமானவர் ஒரு நீளமான வராந்தாவை நடந்து கடந்துவிடுவார், ஆனால் தாழ்ந்த நாற்காலியிலிருந்து எழ முடியாது. கணுக்கால் பலவீனமானவருக்கு முன்பாதம் தொங்கும், தரைவிரிப்பின் ஓரம்கூடத் தட்டிவிடும். தோள் பலவீனமானவர் ஓடிக்கூட வருவார், ஆனால் உயரமான கவுண்டரில் கையெழுத்துப் போட முடியாது. மயஸ்தீனியாவில் காலை எட்டு மணிக்கு இருக்கும் பலம் பிற்பகல் மூன்று மணிக்கு இருக்காது. ஓய்வெடுத்தால் கொஞ்சம் திரும்பும்.

அதனால் நோயின் பெயரைச் சொல்லி நேரம் போக்காமல், எது முடியும், எது முடியாது, என்ன வேண்டும் என்று மூன்றே வரி சொல்லுங்கள்: “எனக்கு நடக்க வரும். பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. கைப்பிடி உள்ள உயரமான நாற்காலி ஒன்று வேண்டும்.” காவலாளிக்கும் புரியும், மேலாளருக்கும் புரியும்.

சாய்தளம் போட்டிருக்கிறார்களே, அது போதாதா?

சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு அது உயிர்நாடி. ஆனால் தொடையின் முன்தசை பலவீனமாகி, முழங்காலைப் பின்னுக்குப் பூட்டி நடக்கிறவருக்குச் சாய்தளத்தில் இறங்குவது படியைவிட ஆபத்தாகலாம். இறக்கத்தில் குதிகால் ஊன்றியதும் கீழ்க்கால் முன்னே தள்ளப்படும், பூட்டிய முழங்கால் திறந்துகொள்ளும், தாங்கிப் பிடிக்கத் தொடையில் பலம் இல்லை. அந்த நொடியில் ஆள் அப்படியே மடிந்து விழுவார். படியிலோ ஒவ்வொரு அடிக்கும் நின்று, கம்பியைப் பிடித்து, காலைச் சரிபார்த்து இறங்கலாம்.

ஆகவே ஒரு கட்டடத்துக்குச் சாய்தளமும் வேண்டும், அதன் பக்கத்திலேயே இரண்டு புறமும் கம்பி வைத்த படியும் வேண்டும். படியை உடைத்துவிட்டுச் சாய்தளம் மட்டும் கட்டுவது நல்லெண்ணத்தில் நடக்கும் தவறு. சாய்தளத்தில் இறங்கியே ஆக வேண்டுமென்றால் கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில், சின்னச் சின்ன அடியாக இறங்குங்கள்.

சாய்தளம் சரியாகக் கட்டியிருக்கிறார்களா என்று எப்படிப் பார்ப்பது?

தென்னாப்பிரிக்கக் கட்டடத் தரமான சான்ஸ் 10400-இன் ‘எஸ்’ பகுதி மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகளைப் பற்றியது. அதன்படி சாய்வு 1-க்கு 12-ஐவிட, அதாவது 1 மீட்டர் உயரத்துக்கு 12 மீட்டர் நீளம் என்பதைவிட, செங்குத்தாக இருக்கக் கூடாது. அகலம் குறைந்தது 1,100 மி.மீ. கைபேசியில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியைத் திறந்து, கைபேசியை ஒரு நேரான பலகையின் மேல் வைத்துச் சாய்தளத்தில் கிடத்துங்கள். 1-க்கு 12 என்பது ஏறக்குறைய 4.8 பாகை. 7 பாகை காட்டினால் 1-க்கு 8 ஆகிவிட்டது. அதில் சக்கர நாற்காலியைத் தனியாளாகத் தள்ளி ஏற்றுவது பெரும்பாடு.

இடப்பற்றாக்குறைதான் வழக்கமான காரணம். மூன்று படி, ஒவ்வொன்றும் 170 மி.மீ. என்றால் மொத்த உயரம் 510 மி.மீ. அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 6 மீட்டருக்கும் மேல், அதோடு மேலேயும் கீழேயும் சமதளம். சாட்ஸ்வொர்த் போன்ற மேடுபள்ளமான இடத்தில் வாசலுக்கு முன்னால் அவ்வளவு நீளம் கிடைப்பதில்லை, அதனால் மூன்றே மீட்டரில் முடித்துவிடுகிறார்கள். இடம் இல்லையென்றால் திருப்பம் வைத்து இரண்டு கட்டமாகக் கட்டலாம், அல்லது தெருமட்டத்திலேயே இருக்கும் பக்கக் கதவைத் திறந்துவிடலாம். பல கட்டடங்களில் அப்படி ஒரு கதவு பூட்டிக் கிடக்கிறது. முதலில் அதைத் தேடுங்கள்.

படி ஏறும்போதும் இறங்கும்போதும் எந்தக் காலை முதலில் வைப்பது?

ஏறும்போது பலமுள்ள கால் முதலில், இறங்கும்போது பலமில்லாத கால் முதலில். இரண்டு காலும் ஒரே படிக்கு வந்த பிறகே அடுத்த படி.

இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. டிஸ்ட்ரோஃபியால் பாதித்த தசைக்கு இந்த வகை வேலை மிகவும் கெடுதல். ஆகவே லிஃப்ட் ஒரு வழிக்கு மட்டும் கிடைக்குமென்றால் அதை இறங்குவதற்கு வைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் கருத்து. மூச்சும் இதயமும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இது பொருந்தாது, அவர்களுக்கு ஏறுவதுதான் சுமை.

நின்றுபோன எஸ்கலேட்டரைப் படியாகப் பயன்படுத்தாதீர்கள். அதன் படி வழக்கமான படியைவிட உயரம், தொடக்கத்திலும் முடிவிலும் உயரம் மாறிக்கொண்டே போகும். பழகிய கால் அங்கே ஏமாந்துவிடும்.

நாற்காலியிலிருந்து எழவே முடியவில்லை. என்ன செய்யலாம்?

இருக்கையின் உயரம்தான் பாதி விஷயம். முழங்காலுக்குப் பின்னால் உள்ள மடிப்பிலிருந்து தரை வரை, செருப்போடு அளந்துகொள்ளுங்கள். அது 430 மி.மீ. என்றால் உங்களுக்கு 500 முதல் 530 மி.மீ. உயர இருக்கை வேண்டும். அந்த ஏழு, பத்து செ.மீ.யில் எழ முடியாதவர் எழுந்துவிடுகிறார்.

கையோடு கொண்டுபோக 40-க்கு 40 செ.மீ. அளவில், 10 செ.மீ. தடிமனுள்ள கெட்டி ஃபோம் மெத்தை ஒன்று வெட்டி வாங்குங்கள். கடையில் கேட்கும்போது அடர்த்தி அதிகமானது என்று அழுத்திச் சொல்லுங்கள். மெத்தென்ற ஃபோம் உட்கார்ந்ததும் பாதிக்குப் பாதி அமுங்கிப்போகும். அப்புறம் 10 செ.மீ. மெத்தையால் 5 செ.மீ. பயன்தான். அடியில் வழுக்காத ரப்பர் வலை ஒரு துண்டு போடுங்கள்.

ஹாலில் போடுகிற பிளாஸ்டிக் நாற்காலிக்குத் தனிக் கவனம் வேண்டும். இருக்கை பின்பக்கம் சரிந்திருக்கும், கைப்பிடி நெளியும், பளபளத் தரையில் ஒரு கையை மட்டும் ஊன்றினால் கால்கள் அகன்று சறுக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு நாற்காலியை நன்றாக அமுக்கிச் செருகுங்கள். உயரம் சில செ.மீ. கூடும், நெளிவும் குறையும். முதுகைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் பின்னே நகராது. வரிசையின் நடுவில் உட்காராதீர்கள். ஓர நாற்காலிதான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

எழும் முறை: இருக்கையின் நுனிக்கு நகருங்கள். பாதங்களை முழங்காலுக்குப் பின்னே இழுத்துக்கொள்ளுங்கள். மூக்கு கால் விரல்களைத் தாண்டும் அளவுக்கு முன்னே குனிந்து, இரண்டு கையையும் ஊன்றி எழுங்கள். நின்றதும் நடக்காதீர்கள், முழங்கால் நிலைத்த பிறகு அடி எடுத்து வையுங்கள். உதவுகிறவர் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. பலவீனமான தோள் மூட்டு நழுவிவிடும். இடுப்பில் அகலமான துணிப் பெல்ட் கட்டி, அதைப் பிடித்துத் தூக்கட்டும்.

கதவு இவ்வளவு கனமாக இருப்பது ஏன்? குறைக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும், அதுவும் செலவில்லாமல். கதவின் மேலே ஒரு நீளப் பெட்டியும் மடங்கும் கையும் இருக்கிறதே, அதுதான் கதவைத் தானாக மூடும் கருவி. உள்ளே ஒரு ஸ்பிரிங், எண்ணெய். ஸ்பிரிங்கின் விசையைக் கூட்டிக் குறைக்கப் பல மாதிரிகளில் ஒரு திருகு உண்டு. மூடும் வேகத்துக்கு வேறு சின்னத் திருகுகள். வேகத் திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பக் கூடாது. முழுக்கக் கழற்றினால் எண்ணெய் வெளியேறிக் கருவியே வீணாகும். பெட்டியில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் அதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், புதிதாக மாற்றச் சொல்லுங்கள். அந்தக் கதவு அடிக்கிற அடியில் ஆள் விழுந்துவிடுவார்.

எவ்வளவு கனம் என்று அளக்க மீன்காரர் வைத்திருப்பது போன்ற கொக்கித் தராசு போதும். கைப்பிடியில் மாட்டி, கதவுக்கு நேர்செங்குத்தாக மெதுவாக இழுத்து, கதவு அசையும்போது என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அமெரிக்காவின் அணுகல் விதி உட்கதவுகளுக்கு 22 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 2.2 கிலோ என்று எல்லை வைத்திருக்கிறது. தராசு 6 கிலோ காட்டினால் அதைப் படம் எடுத்து நிர்வாகிக்கு அனுப்புங்கள். ‘கதவு கனம்’ என்று நாலு முறை சொல்வதைவிட அந்த ஒரு படம் வேலை செய்யும்.

கடலோரத்தில் உப்புக்காற்றில் கீல் துருப்பிடிப்பதும், ஏசி காற்றழுத்தம் கதவை அமுக்குவதும் மற்ற காரணங்கள். உருண்டைப் பிடியை மாற்றி நெம்புகோல் பிடி போட்டால் முழங்கையால்கூடத் திறக்கலாம். தீத்தடுப்புக் கதவின் ஸ்பிரிங்கை மட்டும் தொடாதீர்கள், அது முழுதாக மூடியாக வேண்டும். தீ அலாரம் அடித்தால் விடுவிக்கும் காந்தப் பிடியைப் பொருத்தினால் மற்ற நேரம் திறந்தே இருக்கும்.

வங்கிகளின் இரட்டைப் பாதுகாப்புக் கதவில் நெருக்கடி வேறு: முதல் கதவு மூடினால்தான் இரண்டாவது திறக்கும், நடுவில் பிடிக்க எதுவும் இருக்காது. பக்கவாசலைத் திறக்கச் சொல்லுங்கள், சக்கர நாற்காலிக்காக அப்படி ஒன்று வழக்கமாக இருக்கும்.

முன்பாதம் தொங்காமல் தாங்கக் கணுக்காலுக்கு பிளாஸ்டிக் பட்டை போட்டிருக்கிறேன். கோயிலில் செருப்பைக் கழற்றினால் நடக்க முடியவில்லை.

நிறையப் பேர் கோயிலுக்கே போகாமல் நின்றுவிடுவது இதனால்தான். வழி இருக்கிறது.

அந்தப் பட்டை உங்கள் ஷூவின் குதி உயரத்தோடு சேர்த்துச் சரிசெய்யப்பட்டது. ஷூ குதி முன்பகுதியைவிட 10 மி.மீ. உயரம் என்றால், ஷூ இல்லாமல் பட்டையோடு மட்டும் நிற்கும்போது கீழ்க்கால் பின்னே சாய்ந்து முழங்காலைப் பின்னுக்குத் தள்ளும். அதோடு பட்டையின் வழுவழுப்பான பிளாஸ்டிக், ஓடு பதித்த தரையில் வழுக்கும். பட்டை செய்து கொடுத்த நிபுணரிடம் போய், குதிக்கு அடியில் அதே உயர ஆப்பும் முழு அடிப்பகுதிக்கு மெல்லிய ரப்பர் தளமும் ஒட்டித் தரச் சொல்லுங்கள். கோயிலுக்கென்றே இன்னொரு பட்டை இருந்தால் அதில் இதைச் செய்துகொள்வது நல்லது, ஏனென்றால் ஒட்டியதை அதே ஷூவுக்குள் நுழைக்க முடியாது. இரண்டாவது வழி, தோல் இல்லாத துணி ஷூ ஒன்றைக் கோயிலுக்குள் மட்டுமே போடுவதென்று துவைத்து வைத்துக்கொள்வது. முன்கூட்டியே நிர்வாகக் குழுவிடமும் குருக்களிடமும் பட்டையைக் காட்டிச் சொல்லிவிட்டால் வாசலில் யாரோ ஒருவர் தடுத்து அவமானப்படுத்தும் நிலை வராது.

கால் கழுவும் இடம்தான் கோயிலில் மிக ஆபத்தான இடம். ஈரம், ஒற்றைக் காலில் நிற்பது, பிடிக்க ஒன்றும் இல்லாதது மூன்றும் அங்கே சேர்கின்றன. குழாய்க்குப் பக்கத்தில் 900 மி.மீ. உயரத்தில் ஒரு சுவர்க்கம்பியும், 500 மி.மீ. உயரக் கல்திண்ணையும், துளையுள்ள ரப்பர் விரிப்பும் போட்டால் வயதானவர்கள் எல்லாருக்குமே உதவும். அதுவரை ஈரத்துணியால் காரிலேயே பாதத்தைத் துடைத்துக்கொண்டு வரலாம்.

நிலைப்படியை மிதிக்காமல் தாண்டுவது வழக்கம். இடுப்பை மடக்கும் தசை பலவீனமானவருக்குக் கால் அவ்வளவு தூக்க வராது. நிலைக்கால் மரத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில், ஒவ்வொரு காலாகக் கடத்துங்கள். முடியாவிட்டால் தீபாராதனைத் தட்டை நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குக் கொண்டுவரக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

பெரிய வெள்ளியன்று இஸிபிங்கோ மாரியம்மன் கோயிலில் கூடும் கூட்டத்தில் பின்னாலிருந்து ஒரு சின்னத் தள்ளு போதும், விழுந்துவிடுவீர்கள். விடிவதற்கு முன்னால் போய்விடுங்கள், அல்லது வேறொரு நாளில் நேர்த்திக்கடனைச் செலுத்துங்கள்.

வெளியிடக் கழிவறைக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டேன்.

வேண்டாம். மூத்திரத் தொற்றும் மலச்சிக்கலும் வந்து தசையின் நிலையை இன்னும் மோசமாக்கும்.

வழக்கமான கோப்பை ஏறக்குறைய 400 மி.மீ. உயரம்தான், எழ முடியாததற்கு அதுவே காரணம். மேலே பொருத்தும் உயர்த்தி 5, 10, 15 செ.மீ. அளவுகளில் கிடைக்கிறது, இறுக்கும் திருகு உள்ளதையே வாங்குங்கள், சும்மா மேலே வைப்பது பக்கவாட்டில் நழுவும். சுவர்க்கம்பியை நம்பும் முன் உட்கார்ந்தபடியே மெல்ல மெல்லப் பாரத்தைக் கூட்டி இழுத்துப் பாருங்கள். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கைப்பிடி உடல் பாரத்தைத் தாங்காது, துண்டு போடும் கம்பியும் தாங்காது. உள்தாழ்ப்பாள் வெளியிலிருந்து திறக்கக் கூடியதா என்று பாருங்கள். இல்லையென்றால் தாழிடாமல் துணைக்கு ஒருவரை வாசலில் நிறுத்துங்கள்.

மாற்றுத்திறனாளிக் கழிவறையில் வாளியும் துடைப்பமும் அடுக்கிப் பூட்டி வைத்திருந்தால், சாவி வாங்கிச் சமாளித்துவிட்டுப் போகாமல் படம் எடுத்து எழுத்தில் புகார் கொடுங்கள்.

வரிசையில் நிற்க முடியவில்லை.

உள்துறை அலுவலகம், சாசா (அரசு உதவித்தொகை தரும் அலுவலகம்), கிளினிக் எல்லாவற்றிலும் முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் முன்னே விடும் வழக்கம் உண்டு, ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். அரசுச் சேவைக்கான 1997-ஆம் ஆண்டின் ‘பாத்தோ பெலே’ கொள்கையின் எட்டு நெறிகளில் அணுகலும் ஒன்று. அந்தப் பெயரைச் சொன்னால் எந்த அதிகாரிக்கும் தெரியும். மருத்துவரிடம் ஒரு வரிக் கடிதம் வாங்கி வைத்திருங்கள்: “இவரால் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க இயலாது, உட்கார இடம் தேவை.” உங்கள் இடத்தை முன்னால் நிற்பவரிடம் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

மின்வெட்டிலோ தீவிபத்திலோ மாடியில் மாட்டிக்கொண்டால்?

மேல்மாடியில் வேலை என்றால் போகும் முன் கேட்க வேண்டிய கேள்வி “ஜெனரேட்டர் இருக்கிறதா” என்பதல்ல, “லிஃப்ட் ஜெனரேட்டரில் ஓடுமா” என்பது. பல இடங்களில் விளக்கும் கணினியும் மட்டும்தான் அதில் ஓடும். ஓடாது என்றால் அந்த அலுவலரைக் கீழே வரச் சொல்லுங்கள், பத்திரம் பார்த்துக் கையெழுத்து வாங்க எந்த மேசையும் போதும்.

தீயின்போது லிஃப்ட் கிடையாது. தினமும் போகும் கட்டடமென்றால் தீப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் பெயர் கொடுத்து, படியில் சறுக்கி இறக்கும் நாற்காலி இருக்கிறதா, அதை இயக்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டு வையுங்கள்.

விழுந்துவிட்டால்?

உடனே தூக்க வருகிறவர்களை நிறுத்துவதுதான் முதல் வேலை. “தொடாதீர்கள், நான் சொல்கிறேன்” என்று உரக்கச் சொல்லுங்கள். தலையில் அடி, இடுப்பில் கடும் வலி என்றால் அசையாமல் 10177-க்கு, கைபேசியிலிருந்தானால் 112-க்கு அழைக்கச் சொல்லுங்கள்.

அடி இல்லையென்றால் இரண்டு பேர், ஒரு தாழ்ந்த முக்காலி, ஒரு நாற்காலி வேண்டும். முதலில் உங்களை உட்கார வைக்கட்டும். பிறகு இடுப்புப் பெல்ட்டையும் தொடைக்கு அடியையும் பிடித்து முக்காலிக்கு, மூச்சு வாங்கிக்கொண்டு அங்கிருந்து நாற்காலிக்கு. தரையிலிருந்து ஒரே தூக்கில் நிற்க வைக்கப் பார்த்தால் தூக்குகிறவரின் முதுகும் போகும், உங்கள் தோளும் போகும்.

டர்பன் வெயிலில் பலம் சுத்தமாகப் போய்விடுகிறதே?

மயஸ்தீனியாவில் சூடு பலவீனத்தைக் கூட்டும். ஜனவரி, பிப்ரவரியில் வெளிவேலையைக் காலையில் முடியுங்கள். கிளினிக்கில் எந்த ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலும், மெக்னீசியம் ஊசி என்றாலும், முதலில் நோயின் பெயரைச் சொல்லுங்கள். ஜென்டாமைசின், சிப்ரோஃப்ளோக்சசின், அசித்ரோமைசின் போன்றவை அதை மோசமாக்கக் கூடியவை. விழுங்கச் சிரமம், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது, ஒரே மூச்சில் 20 வரை எண்ண முடியாமை இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

“பழைய கட்டடம், ஒன்றும் செய்ய முடியாது” என்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது?

கட்டட விதிகள் முக்கியமாகப் புதுக் கட்டுமானத்தையும் மாற்றிக் கட்டுவதையும்தான் பிடிக்கும். ஆனால் 2000-ஆம் ஆண்டின் 4-ஆம் எண் சமத்துவச் சட்டத்துக்குக் கட்டடத்தின் வயது ஒரு பொருட்டல்ல. அதன் 9-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளை நியாயமின்றித் தடுக்கும் இடையூறுகளை அகற்றாமல் விடுவதையும், நியாயமான ஏற்பாடு செய்து தராததையும் பாரபட்சம் என்றே சொல்கிறது. சக்கர நாற்காலியில் வந்த வழக்கறிஞர் எஸ்தே முல்லர், நீதிமன்றக் கட்டடத்துக்குள்ளேயே போக முடியவில்லை என்று தொடுத்த வழக்கு 2004-இல் சமரசமாக முடிந்து, நீதிமன்றங்களைச் சீர்படுத்த அரசு ஒப்புக்கொண்டது.

முதலில் கட்டடப் பொறுப்பாளருக்கு எழுதுங்கள். எந்த இடம், என்ன அளவு, அதனால் உங்களுக்கு என்ன முடியவில்லை, என்ன மாற்றம் வேண்டும், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்ற ஐந்தும் அதில் இருக்கட்டும். “கிழக்கு வாசல் படியில் இடதுபுறம் மட்டும் கம்பி இருக்கிறது. எனக்கு இடது கை பலமில்லை. வலதுபுறமும் 900 மி.மீ. உயரத்தில், மேலும் கீழும் 300 மி.மீ. நீட்டி, ஒரு கம்பி வேண்டும்” என்று எழுதினால் மழுப்ப இடமில்லை. கோயில், ஹால் நிர்வாகத்துக்கு எழுதும்போது செலவு குறைந்ததை முதலில் கேளுங்கள்: கதவின் திருகு, இரண்டாவது கம்பி, நான்கு உயர நாற்காலி. சாய்தளத்தை அடுத்த கடிதத்தில் கேட்கலாம்.

பதில் இல்லையென்றால் மனித உரிமை ஆணையத்துக்கு எழுதலாம், அல்லது உங்கள் ஊர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கே போய்ச் சமத்துவ நீதிமன்ற எழுத்தரைக் கேட்கலாம். இரண்டாம் எண் படிவம் தருவார், நிரப்பவும் உதவுவார். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. படங்கள், தராசுப் படம், அனுப்பிய கடிதங்களின் நகல், மருத்துவர் கடிதம் நான்கையும் கொண்டுபோங்கள். படிவத்தைக் கொடுத்ததும் உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். அந்த நீதிமன்ற வாசலிலேயே ஏற முடியாத படி இருந்தால், எழுத்தரைக் கீழே வரச் சொல்லுங்கள், அதையும் படம் எடுத்துப் புகாரோடு சேர்த்துவிடுங்கள்.